பீலி தாண்டினால் நிற்கும் பாட்டு

…பின்ன என்ன, இந்தக் காலத்து ஆளுங்க எதைத்தான் முழுசா முடிக்கிறாங்க, பேச்சைப் பாதியில விட்டுட்டு வண்டியில ஏறுறாங்க, தேத்தண்ணிய அரைக் கோப்பை குடிச்சிட்டு அப்படியே வைக்கிறாங்க, பூசை முடியுமுன்னே வாசல்ல செருப்புத் தேடுறாங்க, இப்போ பாட்டுக்கும் அந்தச் சீக்கு ஒட்டிக்கிச்சு என்று முனகியபடி சிறில், மலைத் தண்ணீர் குழாய்வழி வந்து விழும் பீலிக்கரையில் திரும்பி நின்றார். நின்றுபோனது பாட்டேதான், சந்தேகமில்லை, இவ்வளவு நேரம் முதுகுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்த அந்தப் பொம்பளைக் குரல் ஒரு சொல்லை வாயில் வைத்தபடியே… இல்லை. பீலியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும். மாதாவே, இப்பவா, பெஞ்சாதி ஐவி ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நேரத்திலா, கண்டியிலிருந்து வேன் கிளம்பிவிட்டது என்று மகன் சொல்லியாகிவிட்டதே, கீழே ரோட்டு வளைவு வரைக்கும் போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால் இந்தப் பாட்டுப் பெட்டி இப்படியா மானத்தை வாங்கும்… அதோ, நினைத்தது சரி, லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன.

திறக்கத்தான் செய்யும். ஒரே வரிசையில் சுவரோடு சுவர் ஒட்டின காம்பரா வீடுகள், ஒன்றில் உயிர் போனால் மற்றதில் ரேடியோ வாயை மூடும், டீவி மூடும், அடுப்பு அணையும், பிணம் எடுக்கும்வரைக்கும் அப்படித்தான், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பாட்டு தானாக முடிந்து ஓய்வதற்கும் கழுத்தைப் பிடித்ததுபோல் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். பாதியில் நின்றால் உடனே வெளியே தலையை நீட்டி, யாருக்கு என்று கேட்பார்கள். பக்கத்துக் காம்பரா மீனம்மா ரொட்டி மாவுக் கையோடு வாசல் இஸ்தோப்பில் நின்று, மாமா… அத்தைக்கு… என்று உதட்டைப் பிதுக்கினாள், அதற்குள் கண்ணில் தண்ணீர் வேறு. “உன் வாயில மண்ணப் போட! அவ வேன்ல மாலு பணிஸ் தின்னுக்கிட்டு வாராடி!” “பாட்டு நின்னுச்சே மாமா, நான் அடுப்புல தண்ணிய ஊத்திட்டேன்.” “பாட்டு நின்னா? நெஞ்சத் திறந்து தச்சே சாகாதவ, பாட்டு நின்னா செத்துருவாளா?” சொன்ன வாய் மூடவில்லை, அவருக்கே உள்ளே சுருக்கென்றது. செத்துருவாளா? சீ. ஆனால் டொக்டர் அப்படித்தானே சொன்னார், அதிர்ச்சியா ஒன்னும் கூடாது ஐயா, தையல் ஆறுற வரைக்கும் சத்தம் போட்டுக்கூடப் பேசாதீங்க என்று. இவள் வளைவில் இறங்கும் நேரம் பார்த்து இந்தப் பாட்டு நின்று தொலைத்தால்?

அதற்காகத்தானே இவ்வளவும். ஆப்பரேசனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது ஐவி அவர் கையைப் பிடித்தாள், இத்தனை வருசத்தில் நாலு பேர் பார்க்கக் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான், இவருக்கு வெட்கமாகிவிட்டது, நர்ஸ் வேறு சிரித்தாள். “இங்க பாருங்க, நான் திரும்பி வந்தா, கீழ் வளைவுல வேன் திரும்பயிலேயே நம்ம வீட்டுப் பாட்டு கேக்கணும். கேக்கலைன்னா உங்களுக்குத்தான் என்னமோ ஆயிருச்சுன்னு எனக்கு அங்கேயே நின்னுரும்.” அவள் பயம் அவருக்குத் தெரியாததா, குமரியாக இருந்தபோது கொழுந்துக் கூடையோடு மலையை விட்டு இறங்கி வருகிறாள், லயத்தில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ டக்கென்று ஓய்ந்தது, கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தால் இஸ்தோப்பில் அவள் அப்பனைக் கிடத்தியிருக்கிறார்கள். அதிலிருந்து அவளுக்குப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், சோறு வடிக்கும்போதும், செபமாலை சொல்லும் நேரம் தவிர மற்ற எல்லா நேரமும். சரி சரி, ஓடும் போ, என்று கையை உதறிவிட்டார். உதறியிருக்கவேண்டாமோ… அதைப் பிறகு பார்க்கலாம், இப்போ பெட்டியைப் பார்ப்போம் என்று ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார், எழுபது தாண்டிய கால் இன்றைக்கு என்னவோ தரையில் பாவவில்லை, மனசுக்குள்ளே வேற யாரோ குதிக்கிற மாதிரி, ஐவி வாரா, ஐவி வாரா… இஸ்தோப்பில் கால் வைத்தாரோ இல்லையோ, சட்டைப் பையில் போன் ஒருமுறை சிணுங்கியது, உள்ளே ஸ்பீக்கர் விட்ட சொல்லிலிருந்தே பாட ஆரம்பித்தது. ஒன்றுமே நடக்காத மாதிரி. பாருங்க திமிர!

அவருக்கு அந்தப் பெட்டிமேல் முதல் நாளிலிருந்தே நம்பிக்கை கிடையாது. மகன் ஜூட்சன் கொழும்பிலிருந்து வந்து இரண்டு நாள் உட்கார்ந்து பூட்டி மாட்டினது. பின் காம்பராவில் பழைய கொம்பியூட்டர், அதற்குள் அம்மாவுக்குப் பிடித்த பாட்டெல்லாம் இருக்கிறதாம், சுவரில் விளக்கு மினுக்கும் ஒரு டப்பா, அங்கிருந்து பாட்டு காற்றிலேயே போனுக்கு வந்து, போனிலிருந்து மறுபடியும் காற்றிலேயே ஸ்பீக்கருக்குப் போகுமாம், ஒயர் இல்லையாம். ஒயர் இல்லாமல் போகிற சாமானை எவன் வேண்டுமானாலும் வழியில் பிடிப்பானே தம்பி என்று கேட்டதற்கு, மகன் சிரித்தான். சிரிப்பான், அவனுக்கென்ன. தேயிலை ஸ்டோரில் முப்பது வருசத்துக்கு மேல் காவல் நின்றவருக்குத்தான் தெரியும், பூட்டில்லாமல் எதுவும் நிற்காது, கண்ணை மூடினால் சாக்கு மூட்டைக்குக்கூடக் கால் முளைக்கும். ஸ்டோர்ச் சாவியைத் தூங்கும்போதும் அரைஞாணில்தான் முடிந்து வைத்திருப்பார். அதே மாதிரி இந்தப் போனையும் சட்டைப் பையில் போட்டு, பைவாயை ஊசியால் குத்தி வைத்திருக்கிறார். ஜூட்சன் அம்மாவைக் கூட்டிவரக் கிளம்பும்போது வேனில் ஒரு காலை வைத்துக்கொண்டு என்னமோ சொன்னான், அப்பா, முக்கோணத்த ஒருதரம் அமுத்துனா போதும், பாட்டு அதுபாட்டுக்கு ஓடும், போன மட்டும் ஸ்பீக்கர்… அதற்குள் டிரைவர் ஹோர்ன் அடித்தான், பெறகு சொல்றேன்ப்பா என்று கதவைச் சாத்திக்கொண்டான். போன மட்டும் ஸ்பீக்கர் என்னவாம்? ஸ்பீக்கர் மாதிரிப் பத்திரமா வச்சிருங்கன்னு சொல்லியிருப்பான். பத்திரமாத்தானே இருக்கு. ஊசி குத்தியிருக்கே.

ஆனாலும் யார் இந்த வேலையைப் பார்ப்பது, மீனம்மா மகள் பிரியந்தி எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாள், அவள்தான் காற்றில் போகும் பாட்டை அங்கே இழுத்துக்கொள்கிறாளோ? இல்லை இந்தப் பனிமூட்டமோ, காலையிலிருந்து திம்புள்ளப் பக்கத்திலிருந்து மேலே ஏறி ஏறி வருகிறது, ஈரக் காற்றில் பாட்டு நமுத்துப்போகுமோ? கரண்டா? கரண்டு என்றால் பல்ப்பும் போகணுமே… கூரையைப் பார்த்து யோசித்துக்கொண்டே இருக்கையில், டக். மறுபடியும் செத்தது. இந்தத் தடவை வீட்டுக்கு உள்ளேயே! பையிலிருந்து போன் அலறியது, ஊசியைக் கழற்றுவதற்குள் விரலில் குத்தி ரத்தம், ஜூட்சன்தான். “அப்பா, ஹட்டன் தாண்டிட்டோம். அம்மா கண்ணாடிப் பக்கமா உக்காந்துதான் வருவேன்னு அடம். பாட்டுப் போட்டீங்களா?” “போட்டேன்டா, நீ போன் கோல் எடுத்து நிப்பாட்டிட்ட! வை கீழ!” “அப்பா, போன மட்டும்…” வைத்துவிட்டார். மகன் பேசினால் பாட்டு ஓய்கிறது, மகன் ஓய்ந்தால் பாட்டு பேசுகிறது, ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கத் தெரியாத ஒரு சாமானுக்கு என்ன விலை கொடுத்தானோ… பாட்டு திரும்ப வந்துவிட்டது, ஆனால் அதற்குள் கடைசிக் காம்பரா வீரய்யா தலையில் துண்டோடும் இரண்டு கையிலும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியோடும் முற்றத்தில் வந்து நிற்கிறான். “எவன் செத்தான்னு நாற்காலி தூக்கிட்டு வார?” “எனக்கென்ன தெரியும் சிறிலு, பாட்டு நின்னுச்சு, நாற்காலிய எடுத்தேன்.” “இந்தா, பாடுது, காது அவிஞ்சு போச்சா?” “இப்பப் பாடுது. நாலு எட்டு வச்சா மறுபடி நிக்கும். நாங்க சாவுக்குக் கெளம்புறதா வேணாமான்னு ஒரு முடிவச் சொல்லுய்யா, வேட்டி மாத்தணும்.” லயமே சிரித்தது. சிறிலுக்கும் சிரிப்பு முட்டியது, காட்டிக்கொள்ளவில்லை. சரி, வச்சிட்டுப் போ, வந்தவ உக்காரட்டும்.

ஹட்டன் தாண்டியாகிவிட்டது. இனி வீட்டுக்குள் இருக்க எப்படி முடியும், கால் தானாக இறங்குகிறது, வழுக்குப் படியில் அவளை ஏற்றிக்கொண்டு வர ஆள் வேண்டுமே, ஜூட்சன் பையைத் தூக்குவானா, அம்மாவைத் தூக்குவானா, பயல் பிளேன்டீ கோப்பையைக்கூட இரண்டு கையால் பிடிக்கிறவன்… மீனம்மா வாசலைத் தாண்டினார், பாடுகிறது, வீரய்யா வாசல், பாடுகிறது, நல்லா வாம்மா நல்லா வா, பீலிக்கரை… நின்றது. அவரும் நின்றார். ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். இன்னும் இரண்டு எட்டு. பை சிணுங்கியது, பாட்டு வந்தது. முன்னால் வைத்தார். போனது. யாரோ மறைந்து நின்று தன் காலையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் பிடரி கூசியது. ஸ்டோரில் இருட்டில் காலடிச் சத்தம் கேட்டு விளக்கை எடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அது தன் காலடியேதான் என்று தெரிந்த ஒரு ராத்திரி ஞாபகத்துக்கு வந்தது, ஏன் இப்போ வருகிறது… மீனம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்க்கிறாள். “மாமா, நீங்க போனா நிக்குது, நீங்க வந்தா பாடுது. அத்தைகூட உங்களுக்கு இப்படி ஆடினதில்ல.” “வாயாடாத.” “அந்தப் போன வீட்டுல வச்சிட்டுத்தான் போய்ப் பாருங்களேன். ஸ்பீக்கருக்கு அதுதானே சோறு ஊட்டுது, நீங்க தட்டத் தூக்கிட்டுப் போனா பிள்ளை எப்படித் திங்கும்?” “வச்சிட்டுப் போனா, எவனாவது…” “எவன்? நானா? நான் அதத் தூக்கிட்டுப் போயி என்ன, வெத்தலையா மடிக்கப்போறேன்?”

போன மட்டும் ஸ்பீக்கர்… கிட்ட வச்சிருங்க. அதைத்தான் சொல்ல வந்தானா? அப்படியே இருக்கட்டும், ஒரு பேச்சை முழுசாகச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினால் என்ன குறைந்துபோகும்? ஆனால் போனை வைத்துவிட்டால் வழியில் அவளுக்கு ஒன்று ஆனால் யார் சொல்வது, வேன் எங்கேயாவது நின்றால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டால்… கையில் இருந்தால் சேதி வரும், பாட்டு வராது. மேசையில் இருந்தால் பாட்டு வரும், சேதி வராது. சேதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன், இங்கிருந்து பறந்தா போகப்போகிறேன்? அவளுக்கு வேண்டியது பாட்டு. கேட்டது அதை ஒன்றைத்தான். சிறில் உள்ளே போனார், மாதா படத்துக்குக் கீழே, ஸ்பீக்கருக்கு ஒட்டி, போனைக் குப்புற வைத்தார், நிமிர்த்தி வைத்தார், மேலே ஐவியின் தலைத்துணியைப் போட்டு மூடினார், யாருக்கும் தெரியக்கூடாதே. கதவைச் சாத்திப் பூட்டினார். பூட்டினால் பாட்டு மூச்சடைத்துக் கேட்டது, கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல், வளைவுக்கு எங்கே போய்ச்சேரும்… திறந்தார். கதவை முழுசாக, கொண்டி சுவரில் முட்டும்வரை. இத்தனை வருசத்தில் வீட்டை அப்படியே பிளந்து வைத்துவிட்டுப் படி இறங்கினதில்லை. “மீனம்மா, நீ பாத்துக்க. கிட்டப் போகாத. தூரமா நின்னே பாரு.” “ஐயோ, தங்கச் சுரங்கம்!” என்று அவள் மாவுக் கையால் கும்பிட்டுக் காட்டினாள்.

பீலி வந்தது. பாடுகிறது. பீலியைத் தாண்டினார், ஈரக்கல்லில் மெதுவாக, எதையோ எழுப்பிவிடாமல் நடப்பதுபோல் நடந்தார், பாடுகிறது, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் கொஞ்சம் மெலிந்து, ஆனால் அறுபடாமல் வந்துகொண்டே இருக்கிறது. அப்ப இவ்வளவு நேரமும் நிப்பாட்டினது… நானா? சீச்சீ, அதெப்படி, நான் நடந்தால் பாட்டுக்கு என்ன, இது என்னமோ தற்செயலாக, மூட்டம் கொஞ்சம் விலகியிருக்கும், பிரியந்தி போனை வைத்திருப்பாள். இப்போ நிற்கும் பாருங்க. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, பை காலி, ஊசி மட்டும் குத்தியிருக்கிறது. என்னவோ இடுப்புத் துணி அவிழ்ந்து விழுந்த மாதிரி இருந்தது. காவல் இல்லாமலேயே ஓடுகிறதே, அப்போ இத்தனை நாள் நான் எதை…

கீழே வளைவில் வேன் உறுமுகிறது. மூட்டத்துக்குள் இரண்டு மஞ்சள் வெளிச்சம், ஊர்ந்து ஊர்ந்து, அதோ திரும்புகிறது, நின்றேவிட்டது, என்ன நின்றுவிட்டது, ஐயோ ஏன் நிற்கிறது… பக்கக் கண்ணாடி இறங்குகிறது. இந்தக் குளிரில் கண்ணாடியை இறக்குகிறாளே, தையல் போட்ட நெஞ்சில் காற்றுப் பட்டால், ஜூட்சன் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறான், மடையன். கண்ணாடிக்கு வெளியே ஒரு கை வந்து வேன் கதவின் மேல் விழுந்தது, விரல்கள் தகரத்தைத் தட்டின, நின்றன, மறுபடியும் தட்டின, மேலே வீட்டில் ஓடுகிற பாட்டின் தாளத்துக்கேதான். சிறில் இறங்கிக்கொண்டே இருந்தார், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண் அந்தக் கைமேலேயே, காது மட்டும் முதுகுப் பக்கம், நிற்கும், கட்டாயம் நிற்கும், இன்னும் நாலு படி இறங்கட்டும்…