சீர் செஞ்ச மாமன்

மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டில் பூட்டி வைத்திருந்த பெண்ணைப் போடிக்கு இறக்கி, தாலுகா ஆபீஸ் விசாரணைக்குக் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் பேராசிரியை பானுப்பிரியாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சட்டக் கல்லூரியில் கொத்தடிமைச் சட்டம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஒரு அதிகாரியைக் கையெழுத்துப் போட வைக்க எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது! அடப் போங்கப்பா.

பதினேழு வயது கார்த்திகா அதிகாரி முன்னால் நின்றாள். காய் பறித்த கறை ஏறி விரல்களெல்லாம் கறுத்திருந்தன. எதிரே, அவளை ஜீப்பில் ஏற்றிப்போய் எஸ்டேட்டில் விட்ட ஏஜெண்டு பால்பாண்டி, வெள்ளை வேட்டியில் புதுமாப்பிள்ளை கணக்காக நின்றான்.

"பயப்படாதம்மா. நடந்தத நடந்தபடி சொல்லு" என்றார் பானுப்பிரியா.

சொல்லிவிட்டாள். செல்போனைப் பிடுங்கிக்கொண்டது, பொழுது சாய்ந்தால் வெளிப்பூட்டு, ஊருக்குப் போகணும் என்று அழுததற்கு அடி. "அடிச்சது இந்த மாமாதான்" என்று கையையும் நீட்டினாள். பானுப்பிரியாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தார்.

அதிகாரி, அவள் அம்மா ஒச்சம்மாளிடம் திரும்பினார். "மனு போட்டது நீதான? இந்தாளு ஒம்மகளக் கடத்திட்டுப் போனானா?"

எம்மகளக் கொண்டாந்து குடுங்க என்று பேராசிரியையின் கையைப் பிடித்துக் கதறிய அதே ஒச்சம்மாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ! எஸ்டேட்டுக்காரன் மேலதான கேசுன்னு நெனச்சேன். அண்ணன் மேலயா? கூடப்பொறந்தவன் இல்லாத எனக்கு, இவ சடங்குக்கு ஓலைக் குச்சு கட்டி, ஊரறியச் சீர் செஞ்ச தாய்மாமன் சாமி இவரு. இவரு எங்க கூட்டிட்டுப் போனாலும் எஞ்சம்மதந்தான்."

பானுப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. யாரிடமோ இரவல் வாங்கிய போனில் அந்தப் பெண் மாமா, மாமா என்றபோதெல்லாம், இந்தப் பக்கம் யாரைத்தான் மாமா என்று கூப்பிடவில்லை என்று விட்டுவிட்டார். பிள்ளை பிடிக்கிறவன் சீர்த்தட்டோடு வீட்டுக்குள் வருவான் என்று எந்தப் பாடத்தில் இருந்தது? யாரம்மா அந்த மாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவன் முன்னால் அந்தப் பிள்ளையை வாய் திறக்க விட்டிருப்பாரா?

"அடிச்சிருக்கானேம்மா!"

"மாமன் கண்டிக்க மாட்டானா?" ஒச்சம்மாளுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டேயிருந்தது. "நாளைக்கு இவ கல்யாணத்துக்கு, ஒரு நல்லது கெட்டதுக்கு முன்னாடி வந்து நிக்க, நீங்களா டீச்சர் வருவீக?"

தாயின் சம்மதம் செல்லாது, பெண்ணைக் காப்பகத்துக்கு அனுப்புங்கள் என்று பானுப்பிரியா மேசையைத் தட்டினார். "குடும்ப விவகாரம் மேடம். வேணும்னா கோர்ட்டுக்குப் போங்க" என்று எழுந்துவிட்டார் அதிகாரி. பாவி மனுஷனுக்குச் சாப்பாட்டு நேரம்.

வெளியே பால்பாண்டி ஜீப்பைக் கிளப்பினான். அவன் கோபப்படவே இல்லை, சிரித்தான். "ஏறு தாயி, வெரசா. மலை மெட்டுல மழை பிடிச்சுக்கிரும்."

பானுப்பிரியா ஓடிப்போய் கார்த்திகாவின் கையைப் பிடித்தார். "விடமாட்டேம்மா. திங்கக்கிழமை மதுரைக்கு, ஐகோர்ட்டுக்குப் போறேன். ஒன்னைய எறக்கிக் கொண்டாந்திருவேன்."

கார்த்திகா ஜீப்பில் இருந்தவனைப் பார்த்தாள். பிறகு பேராசிரியையைப் பார்த்தாள்.

"சொல்லச் சொன்னீக, சொல்லிட்டேன். இன்னைக்கு நான் என்ன செய்ய, டீச்சர்?"