சூடேறாத லாரி

ஊரில் எல்லார் லாரியும் கொதிக்கும். கன்னையாவின் லாரி மட்டும் கொதிக்கவே கொதிக்காது. இந்தப் பெருமையைத் தென்கடல் தீவு ஊரான தவுவாவின் கடைத்தெருவில் அவன் சொல்லாத ஆளில்லை. கரும்பு மில் வாசலில் வரிசையில் நிற்கிற லாரிகள் எல்லாம் ஆவி விட்டுக்கொண்டிருக்கும்போது இவன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருப்பான். காரணம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. போன வருடம் இவன் லாரியும் ஒருநாள் கொதித்தது. நம் கன்னையா ஐயாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எஞ்சின் சூடேறுகிற வரைக்கும் தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் அடைத்துவைக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, "இந்த ஊரு வெயிலுக்கு இது ஒரு கேடா!" என்று கரும்புக்குள் விட்டெறிந்தான்.

எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் அன்றைக்கு அடியில் படுத்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை. வெயில் காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்தத் தீவில் ஆடிதான் குளிர்காலம்; குளிர்காற்று வீச ஆரம்பித்ததும் லாரி இருமத் தொடங்கியது. மேடு ஏற மறுத்தது. பெட்ரோலை மாடு கழுநீர் குடிப்பதுபோல் குடித்தது. கன்னையா பிளக்கை மாற்றினான். புதுப் பிளக்கும் நாலு நாளில் கரியாகிப்போனது. கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினான். பெட்ரோலில் கலப்படம் என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போனான்.

கூட வண்டி ஓட்டுகிற யூசுப் மட்டும் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தான். "அண்ணே, எஞ்சின் குளுந்துபோய்க் கெடக்கு. சூடாகாம எப்படி இழுக்கும்? அந்தத் தெர்மோஸ்டாட்ட வாங்கி மாட்டுங்க."

கன்னையா கேட்பானா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அப்படிப்பட்ட பிடிவாதக்காரனையும் ஒரு விஷயம் உலுக்கியிருந்தது. மழைக்காலத்தில் அவன் மனைவி சுஷீலா வயிற்றுக்கட்டியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆபரேஷன் அறைக் கதவு சாத்தியபோது கன்னையா சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, "மாரியாத்தா, இவளத் திருப்பிக் குடு. உனக்குத் தீ மிதிக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டான். சுஷீலா பிழைத்து வந்தாள். பாதி ஆளாக வந்தாலும் வந்தாள். ஆனால் கட்டி திரும்பவும் வராது என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. நேர்த்திக்கடன் நின்றுபோனால் அவளுக்கு என்ன ஆகுமோ என்ற நினைப்பு கன்னையாவை விடவே இல்லை.

அதனால்தான் காப்புக் கட்டிய நாளிலிருந்து அவன் கோயிலைவிட்டு நகரவில்லை. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, இடுப்பில் மஞ்சள் வேட்டி, தரையில் படுக்கை, ஒருவேளைச் சோறு. கோயிலுக்குப் பின்னால் ஓடுகிற ஓடைதான் எல்லை. பூசாரி பாலசுப்பிரமணி முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார்: "தண்ணியில கால வச்சா காப்பு போச்சு. அப்புறம் தீயில எறங்க நான் விடமாட்டேன். வெரதம் சுத்தமா இருந்தா ஒரு கொப்புளம் வராது, பாத்துக்க."

தீமிதி அன்று பிற்பகல் குழியில் கட்டைகள் கனலாகிக்கொண்டிருந்தன. கன்னையா வேப்பிலை உருவிக்கொண்டிருந்தவன், சட்டென்று கையை நிறுத்தினான். ஓடைப் பக்கமிருந்து ஓர் இருமல் கேட்டது. பெற்ற பிள்ளையின் இருமல் தகப்பனுக்குத் தெரியாதா? அது அவன் லாரிதான்.

கரைக்கு ஓடினான். காலையிலிருந்து மலைமேல் கொட்டிய மழை இப்போது ஓடையில் செந்தண்ணீராக இறங்கிக்கொண்டிருந்தது. தரைப்பாலம் தண்ணீருக்கடியில் போய்விட்டது. அதன் நட்டநடுவில் லாரி செத்து நின்றது. தீமிதி பார்க்க வந்த பெண்களும் குழந்தைகளும் பின்தட்டில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அலறினார்கள். முன் இருக்கையில் யூசுப். அவன் பக்கத்தில் சுஷீலா.

யூசுப்பைச் சொல்லியும் குற்றமில்லை. அவன் இறங்கும்போது தண்ணீர் கணுக்கால் அளவுதான். நடுப்பாலம் வருவதற்குள் வெள்ளம் ஏறிவிட, குளிர்ந்த எஞ்சின்மேல் விசிறி ஓடைத் தண்ணீரை வாரி இறைத்ததும் லாரி இருமிப் படுத்துவிட்டது. அவன் திரும்பத் திரும்பச் செல்ஃப் அடித்தான். எஞ்சின் பிடிக்கும், கியர் போட்டதும் விக்கும், நின்றுவிடும். அதற்குள் தண்ணீர் சக்கரத்தின் பாதியைத் தொட்டது.

"டேய் யூசுப்பு! பெல்ட்ட அறுடா! விசிறிய நிறுத்து! முன்னால சாக்கக் கட்டுடா!" கன்னையா தொண்டை கிழியக் கத்தினான். வெள்ளத்தின் இரைச்சலில் அது யார் காதில் விழும்? யூசுப் காதருகே கையை வைத்து, கேட்கவில்லை என்று தலையாட்டினான். கன்னையா விரலைச் சுழற்றிக் காட்டினான், வெட்டுவதுபோல் காட்டினான். யூசுப் அதைப் புரிந்துகொள்ளாமல் மறுபடியும் செல்ஃப் அடித்தான். பேட்டரியின் சத்தம் இளைத்துக்கொண்டே போனது.

கோயில் கூட்டத்திலிருந்து நல்ல வாட்டசாட்டமான ரவீந்திரா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். நாலடி போவதற்குள் பாசி வழுக்கிவிட்டது. கரையில் நின்றவர்கள் அவனை இழுத்துப் போடுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. கால் சுளுக்கிக்கொண்டு அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

கன்னையா அந்தக் கயிற்றை எடுத்தான்.

"கன்னையா!" பூசாரி அவன் தோளைப் பிடித்தார். "யோசிச்சுக்க. யாருக்காக நேந்த? அவளுக்காகத்தானே? எல்லையத் தாண்டிட்டு நாளைக்கு அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்கிட்ட வந்து அழக்கூடாது."

கன்னையாவின் கால்கள் அப்படியே நின்றன. எதிரே சுஷீலா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, வராதே, வராதே என்று ஆட்டினாள். தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். வெள்ளம் காலடியில் ஓடும்போதும் அவளுக்குக் காப்புதான் பெரிதாகப் போய்விட்டது. அடி பைத்தியக்காரி! நேர்ந்ததே அவளுக்காக, அவளே போய்விட்டால் யாருக்காக மிதிப்பது?

"தலைக்கு மேல வெள்ளம் போறப்போ சாண் என்ன, முழம் என்ன, பூசாரி அண்ணே! ஆத்தா என்னையத் தண்டிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கயிற்றைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் காலை வைத்தான்.

தண்ணீர் தொடையைப் பிடித்துத் தள்ளியது. பாலத்தின் ஓரக் கட்டையைக் காலால் தடவித் தடவிப் போய் லாரியின் முன்கம்பியைப் பிடித்தபோது அவனுக்கு மூச்சு இரைத்தது.

"அண்ணே! காப்பு!" யூசுப் அலறினான்.

"காப்பு கெடக்கட்டும் விடுடா. கத்தியக் குடு, ஜல்தி!"

கரும்பு வெட்டுகிற கத்தியால் விசிறி பெல்ட்டை ஒரே இழுப்பில் அறுத்தான். அந்த ஒரு பெல்ட்தான் விசிறியையும் சுழற்றும், தண்ணீர் பம்பையும் சுழற்றும். இரண்டும் நின்றால் எஞ்சின் சூடேறியே ஆகவேண்டும். சாக்கு எங்கே? சாக்கு இல்லை. இடுப்பிலிருந்த மஞ்சள் வேட்டியை உருவி, அரைக்கால்சட்டையோடு நின்றுகொண்டு, ரேடியேட்டருக்கு முன்னால் இறுக்கிக் கட்டினான். சுஷீலா முந்தானையின் உலர்ந்த பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தாள். அதைக்கொண்டு பிளக்கையும் ஒயரையும் துடைத்தான்.

"இப்ப அடிடா."

பேட்டரி முக்கியது, முனகியது. போச்சு என்று நினைத்தபோது எஞ்சின் பிடித்துக்கொண்டது. யூசுப் உடனே கியருக்குக் கையைக் கொண்டுபோனான்.

"கியரத் தொட்டியோ, கைய ஒடிப்பேன்! பொறு. குளுந்த எஞ்சின் இழுக்காது. இன்னொரு தடவ நின்னா அப்புறம் பேட்டரியில உசுரு இல்ல."

"தண்ணி ஏறுதுண்ணே!"

"ஏறட்டும். நான் சொல்றப்போ போ."

அடியில் படுத்தே பழகிய முள்ளை நம்பிப் பயனில்லை. கன்னையா பானட்டுக்குள் கையை விட்டு, உள்ளங்கையை எஞ்சின் தலைமேல் வைத்தான். சில்லென்று இருந்தது. பின்தட்டில் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. ஒரு மரத்துண்டு மிதந்து வந்து சக்கரத்தில் மோத, லாரி ஒருமுறை நகர்ந்து கொடுத்தது. "ஆத்தா, ஆத்தா" என்று எல்லாரும் கத்தினார்கள். கை வெதுவெதுப்பானது. இன்னும் போதாது. தண்ணீர் அவன் இடுப்புக்கு வந்தது. கை சுட்டது. எடுக்கலாமா? இன்னும் கொஞ்சம். இருமல் குறைந்து எஞ்சினின் சத்தம் கனத்துக்கொண்டே வந்தது. இப்போது கை எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். தோல் ஒட்டிக்கொண்டதுபோல் வலித்தபோதுதான் கையைப் பிடுங்கினான்.

"இப்ப போடா! விடாம போ!"

கன்னையா முன்கம்பிமேல் தாவி ஏறினான். லாரி முக்காமல் விக்காமல் நகர்ந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, சேற்றுக் கரையில் உறுமி ஏறி, கோயில் வேப்பமரத்தடியில் போய் நின்றது. நின்றதும் ரேடியேட்டர் மூடி எகிறி, ஆவி ஆள் உயரத்துக்கு அடித்தது. கொதிக்காத லாரி கடைசியில் கொதித்தேவிட்டது. இறங்கிய பெண்கள் பிள்ளைகளை எண்ணிப் பார்த்து மார்போடு அணைத்துக்கொண்டார்கள். யூசுப் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அல்லா, அல்லா" என்றான்.

சாயங்காலம் உடுக்கை அடிக்க, காப்புக் கட்டியவர்கள் ஒவ்வொருவராகக் கனலில் நடந்தார்கள். கன்னையா கயிற்று வேலிக்கு வெளியே நின்றான். அவன் மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. பூசாரி தம் கையாலேயே அவிழ்த்திருந்தார். அவர் திட்டவில்லை, கண் கலங்கியபடி, "சட்டம் சட்டந்தான், கன்னையா" என்று மட்டும் சொன்னார்.

நடந்து வந்தவர்கள் பாதத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். ஒருவர் காலிலும் கொப்புளம் இல்லை. கன்னையா மெதுவாகத் தன் கையை விரித்தான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். பார்த்ததும் அவனுக்கு அழுகை வெடித்துவிட்டது.

"பாத்தியா சுஷீலா? ஆத்தா ஏத்துக்கல. எனக்கு மட்டும் கொப்புளம் போட்டுட்டா. உனக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

சுஷீலா அந்தக் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கிழிந்த முந்தானையால் அவன் மூக்கைத் துடைத்தாள்.

"ஆத்தாமேல ஏங்க பழியப் போடுறீங்க? அவதான் என்னைய ரெண்டாவது தடவையும் குடுத்துட்டாளே" என்றாள். "இது நீங்க கரும்புக்குள்ள விட்டெறிஞ்சீங்களே, அது சுட்ட சூடு. நாளைக்கு மொத வேலையா புதுசு ஒண்ணு வாங்கி மாட்டுங்க."

சொல்லிவிட்டு அவள் குனிந்து, கொப்புளத்தின்மேல் ஊதினாள்.