பேசிக்கொண்டே நடக்கிற தூரம்

"காலக் கீழ வைக்காதீங்கன்னு எத்தனை தடவை—"

"வச்சாச்சு. இனி என்ன செய்வே?"

"விழுந்து வச்சா நான் ஒத்தையா—"

"விழணும்னா மொதல்ல எந்திரிக்கணும்ல. அதுக்கே நீ விட மாட்டேங்குற."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த காத்தமுத்துவின் தோளை ஒச்சம்மா ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். மறு கையில் கஞ்சிக் கிண்ணம். கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து பால் வெட்டியவர்கள். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு விடியலில் அவர் மூச்சு முட்டி மரத்தடியில் சாய்ந்தார். மடியில் போட்டுக்கொண்டு அவள் கத்திய கத்தலில்தான் ஆட்கள் ஓடி வந்தார்கள். கப்பலேற்றி போர்ட் பிளேர் கொண்டுபோனார்கள். இதயம் பலவீனமாகிவிட்டது, மாத்திரையை விடக்கூடாது என்றார்கள். திரும்பி வந்த நாளிலிருந்து கட்டிலை விட்டு அவரை அவள் இறங்கவிடவில்லை.

அடுத்த வரிசையில் குடியிருக்கும் நர்ஸ் சுகுணா பிரஷர் பார்க்க வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"முடிச்சுட்டீங்களா, இன்னும் இருக்கா? இப்படியே பாத்தா ரெண்டு பேருக்கும் பிரஷர் கூடத்தான் காட்டும்."

"நீயே கேளும்மா. இவுகளுக்கு ரோட்டுக்குப் போகணுமாம்."

சுகுணா அவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் ஒதுக்கித் தொடையை அமுக்கிப் பார்த்தாள்.

"கால் வீக்கம் நல்லா வடிஞ்சிருக்கு மாமா. ஆனா சதையும் சேந்து போயிருக்கே."

"வீக்கம் வத்துனதால மெலிஞ்சு தெரியுதுன்னுல்ல நெனச்சேன்" என்றாள் ஒச்சம்மா.

"வீக்கம் இருந்தவரைக்கும் இது தெரியல மாமி. நெஞ்சு பலமில்லாமப் போனா கை கால் சதையும் கரையும். படுத்தே கெடந்தா இன்னும் கரையும். நாலு எட்டு வச்சதும் மூச்சு வாங்குதுன்னா, எல்லாமே நெஞ்சோட குத்தமில்ல. இந்தக் காலும்தான்."

"டாக்டர் சாப் ஆராமா படுத்திருக்கச் சொன்னாரே."

"அது ஆஸ்பத்திரியில. போன வாரம் போன்ல நடக்கச் சொல்லிட்டாரு. நீங்களுந்தானே கேட்டீங்க?"

ஒச்சம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "பால் நின்னுபோன மரத்தை என்ன செய்வோம்? கத்தி படாம விடுவோம். விட்டா மறுபடி ஊறும். எத்தனை மரம் பாத்திருக்கேன்."

"அதான் என்னையும் கட்டில்ல நட்டு வச்சிருக்கா" என்றார் காத்தமுத்து. "தண்ணி மட்டும் அளந்து ஊத்துறா."

சுகுணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மரத்துக்குச் சரி மாமி. மனுசன் காலுக்கு நடந்தாத்தான் சதை. கொஞ்சங் கொஞ்சமா. பேசிக்கிட்டே நடக்க முடியுதா, நடக்கட்டும். பேச்சு வரலன்னா உக்கார வைங்க. நெஞ்சு வலிச்சா, தலை சுத்துனா உடனே என்னைக் கூப்பிடுங்க."

"பேச்சுக்கு இவுககிட்ட என்ன கொறச்சல்."

வெயில் தணிந்ததும் புறப்பட்டார்கள். பிடிக்க வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டதால், ஒச்சம்மா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

"நாற்காலி எதுக்கு? கல்யாணத்துக்கா போறோம்?"

"நீங்க நேரா பாத்து நடங்க."

"நீ பின்னாடி வர்றது போலீஸ் வர்ற மாதிரி இருக்கு."

"இருக்கட்டும்."

"அந்தப் பால் வாளி தூக்குற காலத்துலயே உன் நடை..." அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. ரோட்டோர வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி நின்றார். தோள்கள் ஏறி இறங்கின. அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

ஒச்சம்மா நாற்காலியை அவருக்குப் பின்னால் மெல்ல வைத்தாள்.

"என்னங்க, திட்டவாச்சும் திட்டுங்க."