கல்யாண வீடியோவிலிருந்து இறங்கியவர்கள்

பழைய கம்ப்யூட்டரில் புது வீடியோ ஓட வேண்டுமானால் அதிலிருந்து ஆட்களை இறக்க வேண்டும். பாரம் குறைந்தால் தானாக ஓடும். கோவில்பட்டியில் தங்கபுஷ்பம் அதற்கென்றே கடை வைத்திருந்தாள்.

சுடலைமுத்து அண்ணாச்சி தன் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். கொண்டுவந்தது மகள் கோமதியின் கல்யாண வீடியோ. கல்யாணத்தன்று அவர் வயிற்று ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெற்ற மகளைக் கைபிடித்துக் கொடுக்க மனுஷனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. கண்ணால் பார்க்கவாவது வேண்டும் என்று வந்திருந்தார். புது கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னால் பொல்லாத கோபம் வரும்.

தங்கபுஷ்பம் வீடியோவைத் திறந்து, "கொஞ்சப் பேரு எறங்குங்க" என்றாள். ஒருவரும் அசையவில்லை. கல்யாண வீட்டில் சாப்பிடாமல் கிளம்புகிற வழக்கம் நம் பக்கம் ஏது? காலைப் பலகாரப் பந்தி முடியும்வரை பொறுத்திருந்து மறுபடி கேட்டாள். கையைத் துடைத்தபடி ஒவ்வொருவராக இறங்கிக் கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பாதான் முறுக்கிக்கொண்டார். டீ வாங்கிக் கொடுத்து அவரையும் இறக்கினாள். மேளக்காரர்களை அவள் கேட்கவே இல்லை. கெட்டிமேளம் இல்லாமல் தாலி கட்ட முடியாது.

அப்படியும் ஓடவில்லை. இன்னும் ஒரு ஆள் பாரம். மணவறையில் சுடலைமுத்துவின் அண்ணன், தம்பிக்குப் பதிலாகத் தாரைவார்க்க உட்கார்ந்திருந்தார். நல்ல கனத்த சரீரம். திரைக்குள்ளிருந்து தம்பியைப் பார்த்தார்.

"நான் எறங்குதேம்லே. இது ஒன் எடம்தானே" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"இப்ப யாரு புள்ளையப் பிடிச்சுக் குடுப்பா?" என்றார் சுடலைமுத்து. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆபரேஷனுக்கப்புறம் நீங்க பாதியாயிட்டீக. தாங்கும். ஏறுங்க அண்ணாச்சி" என்றாள் தங்கபுஷ்பம்.

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார். வீடியோ ஓடியது. பெஞ்சில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்கப்போன இடத்தில் படம் நின்றுபோனது. பழைய கம்ப்யூட்டர் அப்படித்தான், தனக்குப் பிடித்த இடத்தில் நின்றுவிடும். தங்கபுஷ்பமும் அதைத் தட்டவில்லை.

மறுநாள் காலை புனேயிலிருந்து கோமதி போன் செய்தாள்.

"அக்கா, அப்பா கைய விடமாட்டேங்காக. எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு."

"இன்னொரு கை சும்மாதானம்மா இருக்கு. அத வச்சு வேலையப் பாரு" என்றாள் தங்கபுஷ்பம்.