வெள்ளிக் கால்

என் மாமியார் அல்போன்சா அத்தை வருடா வருடம் பெங்களூர் சிவாஜிநகர் மாதா திருவிழாவில் வெள்ளித் தகட்டில் செய்த கால் ஒன்று வாங்கிக் காணிக்கை வைப்பார். எல்லாம் மகனின் முட்டி குணமாக வேண்டும் என்றுதான். அந்த மகன் என் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸ். ஆறடி ஐந்து அங்குலம். எங்கள் லிங்கராஜபுரம் வீட்டு நிலையில் தலை இடிக்காமல் அவர் நுழைந்த நாள் குறைவு.

கூடைப்பந்தில் இவரைப் போல ஒருத்தன் கர்நாடகாவிலேயே இல்லை என்று பேசிய காலம் உண்டு. பேசியவர்கள் பொய்யர்கள் இல்லை. நானே கேலரியில் தொண்டை கட்டக் கத்தியிருக்கிறேன். இந்திய அணி முகாமுக்குப் பெயர் வந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, முகாமுக்கு முந்தின வாரம் வலது முட்டி போனது. ஆபரேஷன் முடிந்து எழுந்து நடப்பதற்குள் எல்லோரும் அவரை மறந்துவிட்டார்கள். இப்போது தண்ணீர் கேன் வேன் ஓட்டுகிறார்.

போன வாரம் சேஷகிரி எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட ஆடியவர், இன்று ஓர் அரசு இலாகா அணிக்குக் கோச்.

"எட்டாம் தேதி காலைல ட்ரையல். வந்து ஆடிக் காட்டு மச்சா, வேலை உனக்குத்தான். அடுத்த வருஷம் வயசு தாண்டிடும்."

எனக்கு வாயெல்லாம் பல். அரசு வேலைக்காக மட்டும் இல்லை. அந்தப் பழைய மனிதரைக் கோர்ட்டில் இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

ஆம்ப்ரோஸ் முட்டியைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் வலிக்குது மச்சா. படி ஏறவே முடியல."

பிடித்தது இடது முட்டியை.

சேஷகிரி கவனிக்கவில்லை. போன் பண்ணுகிறேன் என்று சொல்லிப் போனார். டம்ளர் எடுக்க வந்த அத்தை மட்டும் ஒரு கணம் நின்றுவிட்டு உள்ளே போனார்.

நான் விடுவேனா?

"ஆபரேஷன் பண்ணது வலது முட்டி. நேத்து தோள்ல கேன வெச்சுக்கிட்டு மூணு மாடி ஏறினீங்களே, பாத்தேன். யாருக்குக் காது குத்துறீங்க?"

"சரியாகி ரெண்டு வருஷம் ஆச்சு பவுலின்."

"அப்புறம் என்ன கேடு?"

"ஒரு நாள் தனியா போயி ஆடிப் பாத்தேன். முன்னெல்லாம் பால் கைக்கு வந்தா உடம்பே முழிச்சுக்கும். இப்போ பூசணிக்காயப் புடிச்ச மாதிரி இருக்கு. போட்டா கூடைல விழுது. விழுந்தா ஒண்ணுமே தோணல."

விழவில்லை என்று சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். விழுகிறதாம். கோபம் வந்த வேகத்தில் வடிந்துவிட்டது. உள்ளே அத்தை டம்ளர் கழுவும் சத்தமும் நின்றிருந்தது.

எட்டாம் தேதி திருவிழா. ட்ரையல் நடக்கும் நேரத்தில் நாங்கள் கோயில் வாசலில் காணிக்கைக் கடைமுன் நின்றோம். தூறலுக்கு ஆம்ப்ரோஸ் அம்மாவுக்குக் குடை பிடித்தார். கடைக்காரர் அத்தையைப் பார்த்ததும் வெள்ளிக் கால் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"வேற என்ன இருக்குப்பா?"

"கண்ணு, கை, இதயம், குழந்தை, வீடு. என்ன வேண்டுதல்மா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. எதுலயும் ஆசையே இல்லாதவனுக்கு எத வெக்கறது?"

கடைக்காரர் தட்டை ஒருமுறை கிளறினார். "அதுக்கு ஒண்ணும் வரலியேம்மா."

ஆம்ப்ரோஸின் பாக்கெட்டில் போன் அடித்தது. சேஷகிரியாகத்தான் இருக்கும். அவர் எடுக்கவில்லை. அடித்து முடியும்வரை அத்தை காத்திருந்தார்.

"அப்ப காலே குடு."

"வலதா, இடதா?"

"எதுனா குடு. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

காதில் விழுந்ததா என்று நிமிர்ந்து ஆம்ப்ரோஸ் முகத்தைப் பார்த்தேன். குடையை அம்மா பக்கம் சரியாகவே பிடித்திருந்தார்.