உப்பிய கன்னங்கள்

எங்கள் கல்லூரியில் போர்க்கைதிகள் நினைவுக் கண்காட்சி. வந்தால் வருகைப் பதிவு உண்டு என்று அறிவித்தார்கள். தியாகத்துக்கு நல்ல கூட்டம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் என் சித்தப்பாவின் அலுமினியத் தட்டு. அதில் அவர் ஆணியால் கீறிய முகம்: உப்பிய கன்னம், இரட்டை நாடி. முகாமில் பட்டினியால் செத்த அவருடைய கூட்டாளி. கீழே ஓவியத் துறைத்தலைவர் அட்டை வைத்திருந்தார்: 'கைதிகள் நன்கு பராமரிக்கப்பட்டதற்கு இம்முகமே சான்று.'

அந்த அட்டையை எடுக்கச் சொல்லத்தான் சித்தப்பா வந்திருந்தார்.

"சார், அங்க கண்ணாடியே கிடையாது. நம்ம மூஞ்சிய எதிர்ல இருக்கிறவன்தான் தட்டுல வரைஞ்சு காட்டணும். இவன் எழுந்திரிக்க முடியாம கிடந்து, 'நான் எப்படிடா இருக்கேன்'னு கேட்டான். எலும்பையா வரைஞ்சு காட்டுவாங்க?"

"ஆதாரம் இருக்கா?" என்றார் துறைத்தலைவர். பட்டினி கிடந்தவரே எதிரில் நிற்பது ஆய்வு முறைப்படி செல்லாது.

சித்தப்பா பையிலிருந்து இன்னொரு தட்டை எடுத்தார். கூட்டாளி அவரை வரைந்தது. குழிந்த கண், தோலைக் குத்திக்கொண்டு நிற்கும் தாடை. சித்திகூட அதைப் பார்த்ததில்லை.

"அவனுக்குப் பொய் வராது சார்."

துறைத்தலைவர் அட்டையை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் கூட்டாளியின் அக்கா வந்துவிட்டாள். பேப்பரில் பார்த்துவிட்டுத் தம்பி முகத்தைத் தேடி வந்தவள், சித்தப்பாவிடம் சொன்னாள்:

"அவன் பசி தாங்க மாட்டான் தம்பி. காய்ச்சல்ல போனான்னு சொன்னாங்க, நான் நம்பல. அன்னைலேருந்து ஒரு வாய் சோறு நிம்மதியா இறங்கல." கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்தாள். "அடடா, நல்லா பூசினாப்புல இருக்கானே!" அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். இரண்டு முறை.

பிறகு சித்தப்பா கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். "இது யாரு?"

"நான்தான்க்கா."

"அவன் கொழுகொழுன்னு இருக்கான், உனக்கென்ன கேடு?"

சித்தப்பா துறைத்தலைவரைப் பார்க்கவில்லை.

"எனக்கு நாக்கு நீளம்க்கா. சோறு சரியில்லன்னு தள்ளி வெச்சிடுவேன். என் பங்கையும் அவன்தான் தின்னான்."

"திருட்டுப் பய," என்று சிரித்தாள் அக்கா. சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவள் போனதும் துறைத்தலைவர் இரண்டாவது தட்டையும் கேட்டார். பழைய அட்டை அப்படியே இருக்க, இதற்குப் புது அட்டை எழுதினார்: 'உணவில் குறை கண்ட கைதி.'

"சரியா சார்?"

"சரிதான்," என்றார் சித்தப்பா. "ஒட்டிடுங்க."