வளையத்தில் விழுந்த சங்குகள்

மாலை ஐந்து பத்து. லிங்கராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்ததும் கிளாட்வின் கண்ணை மூடிக்கொண்டான்.

மடியில் நோட்டு, கையில் பேனா. எதிரே மேசையில் இரண்டு எவர்சில்வர் டப்பா. ஒன்றுக்கு மஞ்சள் ரப்பர் பேண்ட், இன்னொன்றுக்கு நீலம். அன்று இரவு மஞ்சள் சட்டை அணியும் நீலச் சட்டை அணியும் கிரிக்கெட் ஆடுகின்றன. டப்பா ஒன்றுக்கு ஒரு பொருளாக, வீட்டில் கிடந்ததை எடுத்துப் போட்டு மூடியிருந்தாள் அவன் மனைவி கிருபை. என்ன பொருள் என்று அவனுக்குத் தெரியாது. ஜெயிக்கிற அணியின் டப்பாவை மட்டும் நாளை திறந்து, உள்ளே இருப்பதை அவன் கையில் வைப்பார்கள். நாளை கைக்கு வருவதை அவன் இன்றே வரைய வேண்டும். அதன்பின் லிங்கராஜ் தனியே போய் இரண்டு டப்பாவையும் திறந்து பார்ப்பார். படம் எதனோடு ஒத்துப்போகிறதோ, அந்த அணிக்கு வெற்றி.

துறைமுகத்தில் கன்டெய்னர் வரவு எழுதும் லிங்கராஜ் இதை இணையத்தில் காசு கட்டிக் கற்றிருந்தார். ரிமோட் வியூவிங் என்று பெயராம். உட்கார்ந்த இடத்திலிருந்தே தூரத்தில் உள்ளதையும் இனி வருவதையும் பார்ப்பது. அவர் கண்ணை மூடினால் தூக்கம்தான் வந்தது.

"எனக்கு ஆபீஸ் கண்ணுலே. நீ கலங்கத் தண்ணிக்குள்ள கையால தடவிச் சங்கு எடுக்கவன். உனக்குத் தெரியும்," என்றார்.

கிளாட்வினுக்கு அது நியாயமாகவே பட்டது. ஏழு பாகம், அதாவது நாற்பதடி ஆழத்தில், வாயில் காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு சேற்றில் கை நுழைக்கும்போது, சில நாள் சங்கு இருக்கும் இடம் முன்னாடியே தெரிந்துவிடும். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த 'எப்படி'தான் அவனை இந்த நாற்காலியில் உட்கார வைத்தது.

"என்னலே தெரியிது?"

"உருண்டையா என்னமோ. சொரசொரன்னு. ஒரு பக்கம் வாய் தொறந்து கெடக்கு."

மறுநாள் மஞ்சள் டப்பா திறந்தது. உள்ளே கொட்டாங்கச்சி. அதைக் கையில் வாங்கியபோது கிளாட்வினுக்கு முழங்கை வரை மயிர் சிலிர்த்தது.

லிங்கராஜ் நோட்டைப் புரட்டினார். "ஒம்பதுக்கு ஒம்பதுலே. ஒண்ணு கூடத் தப்பல. இதுவரைக்கும் சும்மா சோதனைதான, ஒரு பைசா கட்டல. ஞாயித்துக்கிழம ஃபைனல். கட்டுனா இப்பக் கட்டணும். பி.எஃப் லோன் போட்டாச்சு, நாளைக்கு வந்துரும். நீ?"

கிளாட்வினிடம் இருந்தது, அவன் சங்கு குளிக்கப் போகும் வள்ளத்தில் கால் பங்கு. கூடக் குளிக்கும் செல்லப்பாண்டி அதை நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். சனிக்கிழமை ஆறு மணிக்குப் பத்திரத்தோடு வருவதாகப் பேச்சு. விற்றுவிட்டால் அதே வள்ளத்தில் கூலிக்குக் குளிக்க வேண்டியதுதான்.

"ரெண்டு நாளைக்குத்தானளா," என்றான் கிருபையிடம். "திங்கக்கிழம வள்ளத்தையே வாங்கிரலாம்."

"கொட்டாங்கச்சியப் போட்டது நான். எனக்கு ஒரு பங்கும் கிடையாதா?" என்றாள் அவள். சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலைக் குளிப்பு முடிந்து வள்ளம் திரும்பிக்கொண்டிருந்தது. செல்லப்பாண்டி இரும்பு வளையத்தைக் கையில் பிடித்து, சங்குகளை ஒவ்வொன்றாக அதற்குள் விட்டுப் பார்த்தான். வளையத்தில் நிற்பது பெரிய சங்கு, சாக்குக்குப் போகும். நழுவி விழுவது பொடி, கடலுக்கே திரும்பும். கிளாட்வின் தினமும் பார்ப்பதுதான். அன்று ஏனோ கேட்டான்.

"எத்தனலே விழுந்துச்சி?"

"விழுந்தத எவனாச்சும் எண்ணுவானா? சாக்கப் பாரு. அத்தனையும் பெருசு."

கிளாட்வின் சாக்கைப் பார்த்தான். அத்தனையும் பெரிசுதான்.

அவனுக்கு ஞாபகம் வந்தது அவன் சொன்ன ஒரு சொல். இரண்டாவது ஆட்டத்துக்கு நீளமாக என்னவோ வரைந்தான். கைக்கு வந்தது பூட்டு. வெட்கமாகப் போய்விட்டது. "இது பொடி அண்ணாச்சி. வளையத்துல விழுந்துட்டு. தூரப் போடுங்க," என்றான் விளையாட்டாக. லிங்கராஜும் சிரித்துக்கொண்டே தாளை நோட்டிலிருந்து கிழித்துப் போட்டார். அதன்பின் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒத்துவராத நாளெல்லாம் மனசு கலங்கல், படம் பொடி, தாள் கிழிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டான். "ஏளா, அண்ணாச்சி கிழிச்சுப் போட்ட தாளு எங்க?"

"பின்பக்கம் வெள்ளையாக் கெடக்கேன்னு எடுத்து வச்சேன். கடைச் சாமான் எழுத ஆவும்லா." அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தந்தாள்.

பின்னால் உளுந்து, கடுகு, சோப்பு. முன்னால் அவன் வரைந்த படம், அடியில் லிங்கராஜ் கையெழுத்தில் அணிகளின் பெயரும் முடிவும். பதினொரு தாள். நோட்டில் ஒன்பது. ஆக இருபது ஆட்டம்.

கிளாட்வின் நோட்டிலிருந்த ஒன்பதையும் பிரித்து, இருபது தாளையும் அவளிடம் கொடுத்தான். பிறகு ஜன்னலில் இருந்த சங்கை எடுத்தான்.

"முடிவ மறைச்சுப் பிடி. இது வாய் மேல பாத்து விழுந்தா மொதல்ல எழுதுன டீம். கவுந்து விழுந்தா ரெண்டாவது."

இருபது தடவை சங்கை உருட்டிவிட்டான். ஒவ்வொரு தடவையும் கிருபை கட்டைவிரலை விலக்கி முடிவைச் சொன்னாள். சங்கு பதினொன்று சரியாகச் சொன்னது.

"உங்களவிட ரெண்டு கூட," என்றாள் கிருபை. "இனிமே நாற்காலியில அத உக்கார வையுங்க. அதுக்குச் சோறும் வேண்டாம்."

அவன் சிரித்துவிட்டான். சிரிப்பு நின்றதும் மணியைப் பார்த்தான். போனை எடுத்துச் செல்லப்பாண்டியைக் கூப்பிட்டான்.

"நீ வர வேண்டாம்லே. பங்கு விக்கல."

மறுநாள் ஃபைனல். மாலை ஐந்து மணிக்கு லிங்கராஜ் வந்தார். புதுச் சட்டை. கையில் பந்தயம் கட்டும் ஆப் திறந்த போன். "டப்பா ரெடியாம்மா?" என்று கிருபையிடம் கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். மேசையில் டப்பா இல்லை. இருபது படங்களையும் வரிசையாகப் பரப்பியிருந்தான் கிளாட்வின். தாம் கிழித்துப் போட்ட பதினொன்றையும் அவர் ஓரமாக ஒதுக்கப் பார்த்தார்.

"இதெல்லாம் கலங்கல்லே. நீதான பொடின்னு சொன்ன?"

"நாந்தான் சொன்னேன். தப்பு எம்மேலதான்." கிளாட்வின் தாள்களைத் திரும்ப வரிசையில் வைத்தான். "வள்ளத்துல இருக்க வளையம் இரும்பு அண்ணாச்சி. சங்கு வரதுக்கு முன்னாலயே அதுக்கு ஒரு அளவு இருக்கு. நாம மேட்ச் முடிஞ்ச பெறகுல்லா வளையம் செஞ்சோம்? நமக்குத் தோதா நிக்கதப் பெருசுன்னோம், நிக்காததப் பொடின்னோம்."

"அப்ப அந்தக் கொட்டாங்கச்சி? அது எப்படிலே?"

"எனக்கும் தெரியல. அது ஆச்சரியந்தான். ஆனா ஆச்சரியப்படுதது வேற, அத நம்பிச் சொத்தக் கட்டுதது வேற. தோத்தத எண்ணாதவனுக்கு எப்பவும் தான் ஜெயிக்க மாரியேதான் இருக்கும். சூதாட்டத்துல அவ்வளவுதான் சூட்சுமம். வேற ஞானக்கண்ணு ஒண்ணும் கெடையாது."

லிங்கராஜ் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். படங்களை ஒன்று, இரண்டு என்று விரலால் தொட்டு எண்ணத் தொடங்கினார். பதினாறில் விரல் நின்றது; கண் கவிழ்த்து வைத்த போனுக்குப் போனது.

கிளாட்வின் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணாச்சி, அந்த பி.எஃப் பணம் இன்னும் பேங்க்லதான இருக்கு?"